ஸ்டேடியம் கட்டினால் ஊர் செழிக்குமா?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு நாள்களும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகள் பந்தயத் தடமாக மாறின. சுமார் மூன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு இரவை விரட்டியடிக்கும் விளக்கு வெளிச்சம், அதில் சீறிப் பாய்ந்த ஃபார்முலா 4 கார்கள். இந்தப் பந்தயத்துக்கு அரசு செய்த செலவு என்று உயர் நீதிமன்ற வழக்கில் பேசப்பட்ட தொகை 42 கோடி ரூபாய். இதே அரசிடம் இன்னொரு திட்டமும் இருக்கிறது. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் தலா 3 கோடி ரூபாயில் ஒரு சிறு விளையாட்டரங்கம். கடலூர் மாவட்டத்தில் திட்டக்குடியிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரை ஒன்பது தொகுதிகள். ஒன்பதுக்கும் சேர்த்து 27 கோடி. தீவுத்திடல் சாலைக்குப் போன பணத்தில் ஒரு மாவட்டம் முழுக்க மைதானம் அமைத்துவிட்டு, மீதிப் பணத்தில் பக்கத்து மாவட்டத்துக்கும் ஐந்து அமைக்கலாம்.

இப்படிக் கூட்டிக் கழிப்பது எளிது. பந்தயத்துக்காகப் பேசுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் சென்னை தெரியும், ஓட்டல்கள் நிரம்பும், சுற்றுலா வளரும், முதலீடு வரும் என்பது அவர்கள் வாதம். பெரிய ஸ்டேடியங்களுக்கும் பெரிய போட்டிகளுக்கும் பொதுப்பணத்தை ஒதுக்கும் எல்லா அரசுகளும், அமெரிக்காவானாலும் இலங்கையானாலும், இதே வாதத்தைத்தான் வைக்கின்றன. எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கொட்டிய பணம் ஊருக்குத் திரும்பி வருகிறதா?

இந்தக் கேள்விக்கு மிக நீண்ட காலமாகப் பதில் தேடிவரும் நாடு அமெரிக்கா. அங்கே தொழில்முறை அணிகளுக்கு ஸ்டேடியம் கட்டித் தருவதற்காக மாநிலங்களும் மாநகரங்களும் கடன் பத்திரம் வெளியிடுகின்றன, விற்பனை வரியை உயர்த்துகின்றன, நிலத்தை இலவசமாகத் தருகின்றன. ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள் 1997-இல் தொகுத்த நூல் இந்தக் கணக்கை ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தது. ஊர் வருமானத்தை உயர்த்திய ஸ்டேடியம் என்று காட்டுவதற்கு அதில் ஒன்றும் தேறவில்லை. ஜே. சி. பிராட்பரி, டென்னிஸ் கோட்ஸ், பிராட் ஹம்ஃப்ரீஸ் ஆகிய மூவரும் பின்னர் முப்பது ஆண்டுகளில் வெளிவந்த 130-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் படித்து அதே முடிவுக்கு வந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் 2017-இல் முன்னணிப் பொருளாதார நிபுணர்களிடம் கருத்துக் கேட்டபோது, ஸ்டேடிய மானியத்தால் ஊருக்குக் கிடைக்கும் ஆதாயத்தைவிட வரி கட்டுகிறவர் சுமக்கும் செலவே அதிகம் என்பதை 83 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டார்கள். பொருளாதார நிபுணர்கள் இவ்வளவு பேர் ஒரே பக்கம் நிற்கும் விஷயங்கள் குறைவு.

காரணம் புரியாத ஒன்றல்ல. ஐபிஎல் ஆட்டம் பார்க்கக் கடலூரிலிருந்து சேப்பாக்கம் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட், போக்குவரத்து, சாப்பாடு, பிள்ளைக்கு மஞ்சள் பனியன் என்று அவர்கள் செலவழிக்கும் பல ஆயிரம் ரூபாய் வானத்திலிருந்து விழுந்த பணமல்ல. அந்த ஆட்டம் இல்லாவிட்டால் அதில் பெரும்பகுதி அதே மாதத்தில் கடலூர் துணிக்கடையிலோ சிதம்பரம் ஓட்டலிலோ வேறெங்கோ செலவாகியிருக்கும். சேப்பாக்கத்தில் கூடியது கடலூரில் குறைந்தது. மாநிலம் முழுவதையும் ஒரே கணக்காக எடுத்தால் பணம் இடம் மாறியதுதான் மிச்சம். அடுத்து, டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் ஊருக்குள்ளேயே தங்குவதில்லை. அது அணி உரிமையாளருக்கும், பல கோடிக்கு ஏலம் போன வீரருக்கும், ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் பிரிந்து போகிறது. அவர்களில் பலர் வேறு ஊரில், வேறு நாட்டில் இருப்பவர்கள். மூன்றாவது, ஸ்டேடியம் ஆண்டில் எத்தனை நாள் இயங்குகிறது என்பது. ஒரு ஐபிஎல் பருவத்தில் ஓர் அணிக்குச் சொந்த மண்ணில் ஏழு ஆட்டங்கள். ஓர் ஆலை ஆண்டில் முந்நூறு நாள் கூலி கொடுக்கும். ஸ்டேடியம் கொடுப்பது சில மாலைகளுக்கான கூலி.

அந்தச் சில மாலைகளை மட்டமாக நினைத்துவிடவும் கூடாது. ஆட்ட நாளில் வாலாஜா சாலையில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியும். கையில் அடுக்கி வைத்த மஞ்சள் பனியன்களை வழிமறித்து விற்கும் இளைஞர்கள், கன்னத்தில் வண்ணம் தீட்டிவிடும் பெண்கள், விசில் விற்பவர்கள், சுண்டல்காரர்கள், ஆட்டம் முடியும் நேரம் பார்த்து மேன்ஷன் பக்கம் வந்து நிற்கும் ஆட்டோக்கள், திருவல்லிக்கேணி மெஸ்களில் கூடுதலாக ஒரு பந்தி. இந்த வருமானம் உண்மை, அதை நம்பும் வீடுகளும் உண்மை. ஆனால் இவர்களின் வருமானத்தைப் பெருக்குவதுதான் அரசின் நோக்கம் என்றால், அதே பணத்தில் அவர்களுக்கு நேராகக் கடனோ தள்ளுவண்டியோ நிரந்தர விற்பனை இடமோ கொடுப்பது பல மடங்கு பலிக்கும். அணி முதலாளிக்குக் கொடுத்து, அங்கிருந்து சிந்துவது சுண்டல்காரருக்கு வந்து சேரும் என்று காத்திருப்பது சுற்று வழி.

போட்டி நடத்துபவர்கள் வெளியிடும் கணக்கு ஏன் எப்போதும் பிரம்மாண்டமாக இருக்கிறது என்பதும் இங்கேதான் விளங்கும். 2023-இல் இந்தியாவில் நடந்த ஒருநாள் உலகக் கோப்பையால் நாட்டின் பொருளாதாரத்துக்கு 139 கோடி டாலர், அதாவது 11,637 கோடி ரூபாய் அளவுக்குத் தாக்கம் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அறிக்கை வெளியிட்டது. இத்தகைய தொகைகள் பெரும்பாலும் வந்த செலவை எல்லாம் கூட்டிச் சொல்பவை. உலகக் கோப்பை இல்லாவிட்டாலும் அந்த ரசிகர் எங்கே செலவழித்திருப்பார், கிரிக்கெட் கூட்டத்தால் ஓட்டல் அறை கிடைக்காமல் வராமல்போன வேறு பயணிகள் எத்தனை பேர் என்பவற்றைக் கழித்த பிறகு நிற்கும் தொகையே ஊருக்கு வந்த ஆதாயம். அப்படிக் கழித்துப் பார்க்கும் வேலையை, போட்டியை நடத்திய அமைப்பிடமே விட்டுவிட முடியாது.

அமெரிக்க மேயர்களுக்கு இந்த ஆய்வுகள் தெரியாதவையல்ல. தெரிந்தும் அவர்கள் பணம் கொடுப்பதற்குக் காரணம், அங்கே அணி ஊரை மிரட்ட முடியும் என்பது. லீகில் அணிகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. அணி வேண்டும் என்று காத்திருக்கும் ஊர்கள் அதைவிட அதிகம். ஸ்டேடியம் கட்டித் தராவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்ற ஒரே வாக்கியம் போதும். 2022-இல் பஃபலோ நகர அமெரிக்கக் கால்பந்து அணிக்காக நியூயார்க் மாநிலம் 60 கோடி டாலரும் உள்ளூர் மாவட்டம் 25 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன. 2024 ஏப்ரலில் கான்சஸ் சிட்டி இருக்கும் ஜாக்சன் மாவட்ட மக்கள் வாக்கெடுப்பில் ஸ்டேடிய வரியை நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்த ஊரின் புகழ்பெற்ற அணி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கான்சஸ் மாநிலம் கொடுத்த சலுகையை ஏற்று அங்கே போவதாக அறிவித்துவிட்டது.

இந்தியாவில் நிலைமை வேறு. ஐபிஎல் அணிக்குச் சொந்த ஸ்டேடியம் கிடையாது. மைதானம் பெரும்பாலும் மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் கையில். சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் தடையால் ஆடவே இல்லை. 2018-இல் காவிரிப் போராட்டத்தின் நடுவே சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு மற்றவற்றைப் புணேவில் ஆடியது. ரசிகர்கள் வருந்தினார்கள், அது உண்மையான வருத்தம். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் அணி இல்லாததால் சென்னையின் வாணிபம் சரிந்தது என்று யாரும் சொல்லவில்லை. 2016-இல் மகாராஷ்டிரம் வறட்சியில் தவித்தபோது, ஏப்ரல் 30-க்குப் பிறகான ஐபிஎல் ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே நடத்தச் சொன்னது பம்பாய் உயர் நீதிமன்றம். ஆடுகளத்துக்கு ஊற்றும் தண்ணீரா, லாத்தூர் மக்களின் குடங்களா என்ற கேள்வி அன்று நேருக்கு நேர் வந்து நின்றது. ஆட்டங்கள் வெளியேறின. மும்பை நின்றுவிடவில்லை.

ஆக, இங்கே யாரும் மிரட்டிப் பணம் பறிப்பதில்லை. இங்கே மானியம் வேறு வழியாகப் போகிறது, பட்ஜெட் உரையில் இடம்பெறாமலே போகிறது. அந்த வழிகளில் மிகப் பெரியது நிலம்.

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் கதை இதை முழுசாகச் சொல்லும். 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலம். 1940-களின் நடுவில் 99 ஆண்டுக் குத்தகைக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாயும் சில அணாக்களும். நகரம் வளர்ந்து கிண்டியைச் சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் முளைத்து, நிலத்தின் மதிப்பு பல்லாயிரம் கோடியைத் தொட்ட பிறகும், வாடகையை 1970 முதல் உயர்த்தும் அரசின் முயற்சியைக் கிளப் ஏற்கவில்லை. வழக்கு நடந்தது. 2023 மார்ச்சில் 730 கோடியே 86 லட்சம் ரூபாய் பாக்கியைச் செலுத்த வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, பூங்கா வருகிறது. அதே 2024-இல், ஜூன் மாதம், ஊட்டியில் 52 ஏக்கர் குதிரைப் பந்தயத் திடலையும் வருவாய்த் துறை கைப்பற்றியது. அங்கே சொல்லப்பட்ட பாக்கி 822 கோடி. இரண்டையும் கூட்டினால் ஆயிரத்து ஐந்நூறு கோடியைத் தாண்டுகிறது. இவ்வளவு பெரிய தொகையைச் சட்டமன்றத்தில் யாரும் மானியமாக அறிவித்ததில்லை. வாடகையை வசூலிக்காமல் விட்ட ஒவ்வோர் ஆண்டும் அது தானாகச் சேர்ந்தது.

சேப்பாக்கமும் அரசு நிலம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்காக ஒதுக்கப்பட்ட இடம். 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்துக்கு எதிராக ஈட்டியது இந்த மண்ணில்தான். 2011 உலகக் கோப்பையை ஒட்டிக் கட்டிய ஐ, ஜே, கே கேலரிகள் அனுமதிச் சிக்கலால் 2012 முதல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. நிலக் குத்தகை 2015-இல் முடிந்ததும் வாடகைப் பேச்சு நெடுநாள் இழுத்தது. கடைசியில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 139 கோடி ரூபாய் தன் பணத்தில் செலவிட்டுப் புதுப்பித்து, 2023 மார்ச் 17 அன்று கலைஞர் பெயரில் புதிய கேலரி திறக்கப்பட்டது. கட்டடச் செலவு சங்கத்துடையது என்பது பாராட்ட வேண்டிய செய்தி. கடற்கரையை ஒட்டிய அந்த நிலத்துக்குச் சந்தை வாடகை என்ன, சங்கம் கொடுப்பது என்ன என்ற இரண்டு எண்களையும் அரசு ஆண்டுதோறும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

அடுத்த வழி பந்தோபஸ்து. ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் போலீசார் நிற்கிறார்கள். அவர்கள் சம்பளம் பொதுப்பணம். மகாராஷ்டிர அரசு 2023-இல் டி20 ஆட்டத்துக்கான பாதுகாப்புக் கட்டணத்தை 70 லட்சத்திலிருந்து 10 லட்சமாகக் குறைத்தது; அதுவும் 2011 முதல் முன்தேதியிட்டு. செலுத்தாமல் நின்ற பாக்கி சுமார் 14 கோடியே 80 லட்சம். பொதுநல வழக்கு போனபோது, பணக்காரக் கிரிக்கெட் அமைப்புக்கு எதற்கு இந்தச் சலுகை என்று உயர் நீதிமன்றமே கேட்டது. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது என்பதை நினைத்தால் அந்தக் கேள்வியின் நியாயம் புரியும். எதிர்த்திசையிலும் ஒரு நகர்வு உண்டு: 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆக உயர்ந்தது. அதைக் கொடுப்பவர் கேலரியில் உட்காரும் ரசிகர்; சலுகை பெறுபவர் வேறொருவர்.

ஃபார்முலா 4 வழக்கு இந்த விவாதத்தைச் சட்டத்தின் முன் கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் நடக்க இருந்த பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன பிறகு, 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் பந்தயத்துக்கு அனுமதி கொடுத்தது. கூடவே, அரசு செலவழித்த 42 கோடியைத் தனியார் அமைப்பாளர் திருப்பித் தர வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. ஓராண்டு கழித்து உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. விளையாட்டை வளர்க்கத் தனியாருடன் சேர்ந்து எப்படிச் செலவிடுவது என்பது அரசின் கொள்கை முடிவு என்பதே அதன் பார்வை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அப்படியென்றால் அந்தக் கொள்கையைக் கேள்வி கேட்கும் பொறுப்பு நீதிமன்றத்திடமிருந்து சட்டமன்றத்துக்கும் பத்திரிகைகளுக்கும் வாக்காளர்களுக்கும் வந்து சேர்கிறது.

மானியத்தில் இன்னொரு வகை உண்டு. அது பணமோ நிலமோ அல்ல, அதிகாரிகளின் கவனம். செம்மங்குப்பத்திலிருந்து பார்த்தால் அது பளிச்சென்று தெரியும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், சிப்காட் ஆலைகளை ஒட்டி, ஆலப்பாக்கத்துக்கு முன்னால் இருக்கும் ஊர் செம்மங்குப்பம். 2025 ஜூலை 8 காலை, அங்கிருந்த ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது சிக்னலோடு இணைக்கப்படாத, ஆள் இருந்து மூடும் கேட். அந்த இடத்தில் முழுவதும் ரயில்வே செலவிலேயே சுரங்கப்பாதை கட்ட ஒப்புதல் ஆகியிருந்தது, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதிதான் ஓராண்டாக வரவில்லை என்று தெற்கு ரயில்வே அன்றே அறிக்கை விட்டது. பொறுப்பு யாருடையது என்பதைத் தீர்க்க வேண்டியது விசாரணை. இந்தக் கட்டுரைக்குத் தேவையான செய்தி ஒன்றுதான்: அங்கே பணம் தடையாக இல்லை. கோப்பு நகராததுதான் தடை.

இதன் பக்கத்தில் வேறொரு வேகத்தை வைத்துப் பார்க்கலாம். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டியை நடத்திய சென்னை நேரு ஸ்டேடியம், 1993-இல் 260 நாளில் கட்டி முடிக்கப்பட்டது. மாமல்லபுரத்தில் 2022 செஸ் ஒலிம்பியாட், 92 கோடி ஒதுக்கீட்டில், சில மாத அவகாசத்தில் தயாரானது. அதற்குப் புதிய ஸ்டேடியம் எதுவும் கட்டாமல் இருக்கும் இடத்தை மாற்றியமைத்தது நல்ல முடிவு. தீவுத்திடல் சாலைகள் பந்தயத் தேதிக்குள் புதிதாகப் போடப்பட்டன. தேதி குறித்துவிட்ட போட்டிக்காக எல்லாத் துறைகளும் ஒரே மேசையில் உட்காருகின்றன, தலைமைச் செயலகத்திலிருந்து தினமும் போன் வருகிறது, ஒப்பந்தப் புள்ளிகள் வாரக்கணக்கில் முடிகின்றன. தேதி இல்லாத சுரங்கப்பாதைக்கு அந்த மேசை போடப்படுவதில்லை. ஸ்டேடியத்தின் விலையைப் போடும்போது இந்த மேசையையும் சேர்த்துப் போட வேண்டும்.

செம்மங்குப்பம், குடிகாடு, காரைக்காடு மக்களுக்கு "வேலை வரும்" என்ற சொல் புதிதுமில்லை. 1980-களில் சிப்காட் வந்தபோதும் அதைத்தான் கேட்டார்கள். வேலை வந்தது, ஆனால் நினைத்த அளவு வரவில்லை. காற்றும் நிலத்தடி நீரும் கெட்டது பற்றிய புகார்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயின. ஆலைக்குத் தரும் நிலத்துக்கும் சலுகைக்கும் எத்தனை பேருக்கு, எந்தக் கூலியில் வேலை என்று கேட்கக் கற்றுக்கொண்ட ஊர்கள் அவை. விளையாட்டு அரங்கத்துக்கும் அதே கேள்வியைக் கேட்கும் உரிமை அவற்றுக்கு உண்டு.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் அம்பாந்தோட்டை சாட்சி. தலைநகரிலிருந்து வெகு தொலைவில், சூரியவெவவில், அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் பெயரில், 35,000 பேர் உட்காரும் கிரிக்கெட் ஸ்டேடியம் 2011 உலகக் கோப்பைக்காக எழுந்தது. அந்த உலகக் கோப்பையில் அங்கே நடந்தது இரண்டே ஆட்டங்கள். அதே ஆண்டு, 2018 காமன்வெல்த் போட்டியை அம்பாந்தோட்டைக்குக் கேட்டு, ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டிடம் இலங்கை தோற்றது. உலகக் கோப்பைக்காக ஸ்டேடியங்கள் கட்டிய இலங்கைக் கிரிக்கெட் வாரியம் கடனில் மூழ்கி, அந்த ஆண்டு வீரர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாமல் நின்றது. பிறகு அந்த அரங்கம் கல்யாண வைபவங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. இன்று வடக்கில், யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில், சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்கான பணி 2025 செப்டம்பர் 1 அன்று ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்கவால் தொடங்கி வைக்கப்பட்டிருக்கிறது. போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு மண், தன் பிள்ளைகளும் சர்வதேச மைதானத்தில் ஆட வேண்டும் என்று விரும்புவதை யாரும் குறை சொல்ல முடியாது. அம்பாந்தோட்டைக்குப் பிறகு கட்டப்படுவதால், ஆண்டுக்கு எத்தனை ஆட்டம், பராமரிப்பு யார் செலவில், தீவின் ஈரநிலம் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு அது முன்கூட்டியே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே யாழ்ப்பாணத்தில் நகரின் நடுவே இருக்கும் துரையப்பா விளையாட்டரங்கம், இந்திய உதவியில் சீரமைக்கப்பட்டு 2016-இல் திறக்கப்பட்டது. அது நடந்து போகும் தூரத்தில் இருப்பதே அதன் பெரிய பலம்.

கேரளத்தின் காரியவட்டம் ஸ்டேடியம் வேறு பாடம். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பல்கலைக்கழக நிலத்தில், தனியார் நிறுவனம் கட்டி நடத்த, அரசு ஆண்டுதோறும் தவணை கொடுக்கும் ஏற்பாட்டில் உருவானது. கட்டியவர் ஐஎல் அண்டு எஃப்எஸ் குழுமம். 2018-இல் அந்தக் குழுமமே கவிழ்ந்தது. தனியார் பங்கேற்பு என்றால் ஆபத்தும் தனியாருக்குப் போகும் என்பது காகிதத்தில் சரி. நிறுவனம் கவிழ்ந்தால் ஸ்டேடியமும் புல்லும் அரசின் தலையில்தான் வந்து விழும். மான்ட்ரியல் நகரின் 1976 ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கான கடன் கட்டி முடிக்கப்பட்டது 2006-இல். போட்டி நடந்த ஆண்டு பிறந்த பிள்ளைக்கு அப்போது முப்பது வயது.

தில்லியின் 2010 காமன்வெல்த் போட்டி பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 18,532 கோடி என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சொன்ன தொகை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது. அந்தத் தணிக்கை அறிக்கையை மீண்டும் எடுத்துப் படிக்க இது தக்க நேரம்.

தமிழ்நாட்டிலேயே, மதுரை மாவட்டம் கீழக்கரையில், 62 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்டது. பார்க்க அழகான கட்டடம். ஆனால் அலங்காநல்லூர் தன் வாடிவாசலை விட்டுவிட்டு அங்கே போகவில்லை. தை மாதம் பிறந்தால் கோயில் காளை முதலில் அவிழும் அந்தப் பழைய வாசலில்தான் ஊர் கூடுகிறது. வாடிவாசலும் வீதியும் வீட்டு மொட்டை மாடிகளும் சேர்ந்ததுதான் அங்கே ஜல்லிக்கட்டு. ஒரு விளையாட்டு எந்த மண்ணில் வேர் பிடித்திருக்கிறதோ அங்கே செலவிட்டால் பலன் பெருகும் என்பதை அரங்கத்துக்கு முன்பே அந்த ஊர் மக்களிடம் கேட்டிருக்கலாம்.

அரசின் பெரும் பணம் இல்லாமல் வளர்ந்த களங்களும் இருக்கின்றன. 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நத்தத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மைதானத்திலும், திருநெல்வேலி சங்கர் நகரில் சிமெண்ட் ஆலை மைதானத்திலும், கோவையில் ஒரு கல்லூரித் திடலிலும், சேலம் வாழப்பாடியில் கிரிக்கெட் அறக்கட்டளை மைதானத்திலும் நடந்தன. கிரிக்கெட் வீரர் நடராஜன் தன் சொந்த ஊரான சின்னப்பம்பட்டியில் தன் பணத்தில் மைதானம் அமைத்து 2023-இல் திறந்தார். சிதம்பரம் வட்டாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு விரிந்த மைதானங்களும் உடற்கல்வித் துறையும் உண்டு. 2013 முதல் அது அரசின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது. நெய்வேலியில் என்எல்சியின் பாரதி விளையாட்டரங்கம். புதிதாகக் கட்டுவதற்கு முன்னால் இருப்பவற்றைத் திறந்து வைப்பதே பெரிய முதலீடு.

பொதுப்பணம் விளையாட்டுக்குப் போகவே கூடாது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. லாபம் வரும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள் என்பதே அவை சொல்வது. கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் அதிகாலையில் நின்றால் மைதானத்தின் உண்மையான பயன் கண்ணில் படும். போலீஸ் தேர்வுக்காக ஓடிப் பழகும் இளைஞர்கள், கால் வலியோடு சுற்றி நடக்கும் ஓய்வுபெற்றவர்கள், விளையாட்டு விடுதிப் பிள்ளைகள், சீருடை மாற்றிக்கொண்டு இங்கிருந்தே பள்ளிக்கு ஓடும் சிறுமிகள். இந்தப் பயனை எந்த முதலாளியும் விலைக்கு விற்க முடியாது. அதனாலேயே அதை அரசு தர வேண்டியிருக்கிறது. நூலகத்தைப் போல, ஆரம்ப சுகாதார நிலையத்தைப் போல, இது திரும்பி வராத செலவு. அப்படிச் சொல்லிக்கொண்டே தாராளமாகச் செய்ய வேண்டிய செலவு.

கோவையில் சர்வதேசக் கிரிக்கெட் ஸ்டேடியம் என்ற வாக்குறுதி 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது வந்தது. கோவைக்காரர்களின் ஆசை நியாயமானது. நில வாடகை எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உயரும், ஆட்டமில்லாத முந்நூறு நாளும் பயிற்சிக் களங்கள் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்குமா, நட்டம் வந்தால் யார் தாங்குவது என்ற நான்கையும் அடிக்கல் நாட்டும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி, அந்த ஒப்பந்தத்தை மக்கள் படிக்கும்படி வெளியிட்டால் கிண்டியின் கதை அங்கே திரும்ப நடக்காது.

சிறு விளையாட்டரங்கங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி தன் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியார் பராமரிப்புக்கு விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் பந்து உதைத்துப் பழகும் திடல்களும் அவற்றில் அடங்கும். எதிர்ப்புக் கிளம்பிய வேகத்தில் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது, மைதானங்கள் இலவசமாகவே தொடர்ந்தன. கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கி, காவலாளிக்கும் விளக்குக்கும் புல் வெட்டுவதற்கும் ஒதுக்காமல் விட்டால் எல்லா ஊரிலும் இதே தீர்மானம் ஒருநாள் வரும். கடலூர் மாவட்டத்தின் ஒன்பது அரங்கங்களுக்கும் ஒப்புதல் ஆணை எழுதும்போதே ஆண்டுப் பராமரிப்புத் தொகை, காலையும் மாலையும் திறக்கும் நேரம், பெண்களுக்கான கழிப்பறை, பயிற்சியாளர் பணியிடம், சாவி எந்த அலுவலகத்தில் இருக்கும் என்ற விவரம் ஆகிய ஐந்தும் அதில் இடம்பெற வேண்டும் என்று ஊராட்சி மன்றங்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பலாம்.